சைக்காலஜியும் ஹ்யூமன் பயாலஜியும் சேர்த்துப் படிக்கப் போறவங்களுக்கு: இங்கிலாந்து ஜாயின்ட் ஆனர்ஸ் கைடு

மனசைப் பத்திப் படிக்கணும்னு ஆசை, உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னும் தெரிஞ்சுக்கணும், ஆனா எம்பிபிஎஸ் வேண்டாம், இல்ல கிடைக்கல. இப்படி இருக்கிறவங்களுக்கு இங்கிலாந்துல ஒரு நல்ல வழி இருக்கு, சைக்காலஜியையும் ஹ்யூமன் பயாலஜியையும் சேர்த்து ஒரே பிஎஸ்சியா படிக்கிறது. ஜாயின்ட் ஆனர்ஸ்னு சொல்லுவாங்க, சில இடத்துல கம்பைன்ட் ஆனர்ஸ்னு இருக்கும். மூணு வருஷம், மொத்தம் 360 கிரெடிட், வருஷத்துக்கு 120. ஒரு கிரெடிட்டுக்கு சுமார் 10 மணி நேர உழைப்புன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, அதனால 20 கிரெடிட் மாட்யூல், அதாவது தனிப் பாடம், ஒண்ணு எடுத்தீங்கன்னா லெக்சர், லேப், வீட்ல உக்காந்து படிக்கிறது எல்லாம் சேர்த்து 200 மணி நேரம் ஆகும். ஸ்காட்லாந்துல இதே மாதிரி ஆனர்ஸ் டிகிரி நாலு வருஷம்.

இதுல சேரப் போறவங்க முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கோர்ஸ் பேர்லதான் ரெண்டும் சேர்ந்திருக்கும். உள்ள போனா சைக்காலஜி டிபார்ட்மென்ட் ஒரு பில்டிங்ல, பயாலஜி இன்னொரு பில்டிங்ல, அவங்கவங்க பாடத்தை அவங்கவங்க எடுப்பாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி ரெண்டு பக்கமும் உங்ககிட்ட நல்லாவே பேசுவாங்க ஆனா அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கம்மி. ரெண்டையும் முடிச்சுப் போடற வேலை ஸ்டூடன்ட்டோட தலையிலதான் விழுது. இதை யாரும் ப்ராஸ்பெக்டஸ்ல எழுத மாட்டாங்க. இந்த வேலையை எப்படிச் செய்யறதுங்கறதுதான் இந்தக் கைடுல பெரும்பகுதி, ஆனா அதுக்கு முன்னாடி அப்ளிகேஷன்லயே கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு ரெண்டு இருக்கு.

முக்கியமானது அக்ரெடிடேஷன். பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டின்னு 1901ல ஆரம்பிச்ச அமைப்பு, சுருக்கமா பிபிஎஸ். அவங்க அங்கீகாரம் கொடுத்த டிகிரியை குறைஞ்சது 2:2 கிளாஸ்ல, அதாவது லோயர் செகண்ட் கிளாஸ்ல, முடிச்சா ஜிபிசின்னு ஒரு தகுதி கிடைக்கும், பிபிஎஸ்ல சார்ட்டர்ட் மெம்பர் ஆகறதுக்கான அடிப்படைத் தகுதி அது. பின்னாடி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் மாதிரி ஏதாவது ஒண்ணா ஆகணும்னா அந்த டிரெய்னிங் கோர்ஸ்ல நுழையறதுக்கே இது வேணும். தனி சைக்காலஜி டிகிரின்னா பெரும்பாலும் இது தானா வந்துடும். ஜாயின்ட் டிகிரில அப்படி இல்ல. சில இடத்துல இருக்கும், சில இடத்துல இருக்கவே இருக்காது, இன்னும் சில இடத்துல "இந்த இந்த மாட்யூல் எடுத்தா மட்டும், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சைக்காலஜில பண்ணினா மட்டும்"னு கண்டிஷனோட இருக்கும். இந்தக் கடைசி வகையிலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ரெண்டாவது வருஷம் ஆசைப்பட்டு ஒரு இம்யூனாலஜி மாட்யூல் எடுத்துடுவாங்க, அதுக்காக விட்டது சோஷியல் சைக்காலஜியா இருக்கும், அதோட ஜிபிசி போயிடும். பிபிஎஸ் வெப்சைட்ல எந்த கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்குன்னு தேடிப் பாக்கலாம், அங்க பாத்துட்டு அப்புறம் அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு "எந்த மாட்யூல் காம்பினேஷன்ல எனக்கு ஜிபிசி கிடைக்கும்"னு எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்கோங்க. வாய்ல சொன்னதை நம்பாதீங்க.

அங்கீகாரத்துக்கு பிபிஎஸ் எதிர்பாக்கற ஏரியா என்னென்னன்னா பயலாஜிக்கல், காக்னிட்டிவ், டெவலப்மென்ட்டல், சோஷியல், தனிமனித வேறுபாடுகள், ரிசர்ச் மெத்தட்ஸ், அப்புறம் சைக்காலஜியோட வரலாறும் அடிப்படைக் கருத்துகளும். உங்க மூணு வருஷ மாட்யூல் லிஸ்ட்ல இது எல்லாம் எங்கயாவது வருதான்னு ஒரு பேப்பர்ல எழுதி டிக் பண்ணிப் பாருங்க, பத்து நிமிஷ வேலை. அங்கீகாரம் இல்லாத கோர்ஸ்ல ஏற்கனவே சேர்ந்துட்டீங்கன்னா கவலைப்பட வேண்டாம், டிகிரி முடிச்சப்புறம் கன்வர்ஷன் எம்எஸ்சின்னு ஒண்ணு இருக்கு, ஒரு வருஷம் முழு நேரம் படிச்சா அதே ஜிபிசி கிடைக்கும். ஆனா வெளிநாட்டு ஸ்டூடன்ட் ஃபீஸ் கட்டற வீட்டுக்கு அந்த இன்னொரு வருஷம் எவ்ளோ பெரிய சுமைன்னு சொல்லத் தேவையில்ல.

கோர்ஸ் பேரையும் நல்லா பாருங்க. "சைக்காலஜி அண்ட் ஹ்யூமன் பயாலஜி"ன்னு இருந்தா பெரும்பாலும் பாதிக்குப் பாதி. "சைக்காலஜி வித் ஹ்யூமன் பயாலஜி"ன்னா சைக்காலஜி பெரிய பங்கு, பயாலஜி சின்னப் பங்கு. கிளினிக்கல் பக்கம் போகணும்னு தீர்மானமா இருக்கிறவங்களுக்கு ரெண்டாவது வகை பாதுகாப்பு. எதுன்னு இன்னும் முடிவு பண்ணாதவங்களுக்கு முதல் வகை நல்லது, வழி திறந்தே இருக்கும்.

அப்ளிகேஷன் யூகாஸ்ங்கற பொது அட்மிஷன் அமைப்பு வழியாத்தான். அதிகபட்சம் அஞ்சு சாய்ஸ். 2026ல சேர்ற பேட்ச்ல இருந்து பர்சனல் ஸ்டேட்மென்ட் மாறிடுச்சு, ஒரே நீளக் கட்டுரைக்குப் பதிலா மூணு கேள்வி: ஏன் இந்தப் படிப்பு, உங்க படிப்பு உங்களை எப்படித் தயார் பண்ணிருக்கு, படிப்புக்கு வெளிய என்ன செஞ்சிருக்கீங்க. மூணும் சேர்த்து ஸ்பேஸோட 4000 எழுத்துக்குறி. முதல் கேள்விக்கு "சின்ன வயசுல இருந்தே மனித மனம் மேல ஆர்வம்"னு எழுதாதீங்க, அட்மிஷன் டியூட்டர் அந்த வரியை ஒரு நாளைக்கு பல தடவை படிக்கிறவர். ரெண்டு சப்ஜெக்டும் இல்லாம பதில் சொல்லவே முடியாத ஒரு கேள்வியை எடுத்துக்கோங்க. தூக்கம், வலி, ஸ்ட்ரெஸ், பசி, போதை, முதுமைல வர்ற மறதி, இதுல ஒண்ணு. அதைப் பத்தி நீங்க என்ன படிச்சீங்க, எங்க குழப்பம் வந்துச்சுன்னு எழுதுங்க. அப்ப ஏன் தனி சைக்காலஜி இல்ல, ஏன் தனி பயாலஜி இல்லன்னு அவர் கேக்க வேண்டிய அவசியமே இருக்காது.

ப்ளஸ் டூல என்ன படிச்சிருக்கணும்னா, பயாலஜி இருந்தா நல்லது, பல இடத்துல கட்டாயம். கெமிஸ்ட்ரி இருந்தா முதல் வருஷம் நிம்மதி. சைக்காலஜி ஸ்கூல்ல படிச்சிருக்கணும்னு பெரும்பாலான இடத்துல கேக்க மாட்டாங்க, எல்லாரையும் ஆரம்பத்துல இருந்துதான் கூட்டிட்டுப் போவாங்க. தமிழ்நாடு ஸ்டேட் போர்டு பசங்க பதினொண்ணாம் வகுப்பு விலங்கியல் புக்ல நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் ரெண்டு பாடத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடி ஒருக்கா நிதானமா படிச்சுட்டுப் போங்க, அங்க முதல் டெர்ம்ல வர்ற பயலாஜிக்கல் சைக்காலஜியோட அடித்தளம் அப்படியே அதுல இருக்கு. தமிழ் மீடியம்ல படிச்சவங்க இதுக்காகத் தயங்கவே வேண்டாம். பேரெல்லாம் இங்கிலீஷ்ல புதுசா இருக்கும், அது ரெண்டு மாசத்துல பழகிடும், ஆனா "இது ஏன் இப்படி நடக்குது"ங்கறதை தமிழ்ல யோசிச்சுப் புரிஞ்சுக்கிட்டவனுக்கு அந்தப் புரிதல் எந்த மொழில எக்ஸாம் எழுதினாலும் கூடவே வரும்.

முதல் வருஷ மார்க் பெரும்பாலான யூனிவர்சிட்டில ஃபைனல் கிளாஸ்ல சேராது, பாஸ் ஆனா போதும். இதைக் கேட்டதும் பல பேர் விட்டுடறாங்க. ஜாயின்ட் படிக்கிறவங்க மட்டும் விடவே கூடாது, ஏன்னா உங்களுக்கு ரெண்டு சப்ஜெக்ட்லயும் பாதி நேரம்தான் கிடைக்குது, ஆனா ரெண்டாவது வருஷத்துல தனி சப்ஜெக்ட் படிக்கிறவங்களோட அதே கிளாஸ்ல உக்காரப் போறீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியும்னு நினைச்சுத்தான் லெக்சரர் பாடம் எடுப்பார். முதல் வாரத்துலயே ரெண்டு டிபார்ட்மென்ட் டெட்லைனையும் ஒரே காலண்டர்ல போட்டுடுங்க. ஒரே வாரத்துல லேப் ரிப்போர்ட்டும் கட்டுரையும் வந்து விழும், ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு இன்னொரு டிபார்ட்மென்ட்டோட டெட்லைன் தெரியாது. டைம்டேபிள்ல ரெண்டு கிளாஸ் ஒரே நேரத்துல மோதினா அன்னைக்கே பர்சனல் டியூட்டருக்கு, அதாவது உங்களுக்குன்னு ஒதுக்கின ஆசிரியருக்கு, சொல்லுங்க. ஆரம்பத்துல சொன்னா வேற செமினார் குரூப்புக்கு மாத்திக் கொடுப்பாங்க, நவம்பர்ல போய் நின்னா கஷ்டம்.

இன்னொண்ணு, பல சைக்காலஜி டிபார்ட்மென்ட்ல முதல் வருஷப் பசங்க சீனியரோட ஆராய்ச்சிகள்ல பங்கேத்துக்கணும், அதுக்கு பாயின்ட் இருக்கும். இதை கடமைக்கு முடிக்காதீங்க. மூளையோட மின் அலையை அளக்கற ஈஈஜி தொப்பி போட்டு உக்காரறது, திரைல எழுத்து வந்ததும் பட்டன் அமுக்கறது, எச்சில் சாம்பிள் கொடுக்கறது, இதெல்லாம் நீங்களே ஒரு தடவை அனுபவிச்சா பின்னாடி ப்ராஜெக்ட் டிசைன் பண்ணும்போது எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு எங்க சலிப்பு வரும், எங்க பதட்டம் வரும்னு தெரியும்.

படிக்கிற முறை ரெண்டுக்கும் வேற வேற. பயாலஜி பாடத்தை வரைஞ்சு படிங்க. ஸ்ட்ரெஸ் வந்தா மூளைல இருக்கிற ஹைப்போதலாமஸ்ல இருந்து சிஆர்ஹெச்ங்கற ஹார்மோன், அது பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் ஏசிடிஹெச்ங்கற ஹார்மோன், அது ரத்தத்துல சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரீனல் கார்டெக்ஸுக்குப் போய் கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன், அந்தக் கார்டிசாலே திரும்பி வந்து மூளைகிட்ட "போதும் நிறுத்து"ன்னு சொல்றது. இதை புக்கை மூடி வெச்சுட்டு வெள்ளைத் தாள்ல அம்புக்குறியோட போட முடியணும். நியூரான்ல அமைதி நிலைல சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட், சோடியம் உள்ள பாயுது, பொட்டாசியம் வெளிய போகுது, இதையும் அதே மாதிரி. இதைக் கண்டுபிடிச்ச ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனோட பெரிய நரம்பு இழைல வேலை பண்ணி 1952ல எழுதினாங்க, 1963ல நோபல் வாங்கினாங்க, கணவாய்ல ஏன் பண்ணினாங்கன்னு கேட்டா அந்த இழை எலக்ட்ரோடை உள்ள விடற அளவுக்கு தடிமனா இருந்துச்சுங்கறதுதான் பதில். இப்படி "ஏன் அங்க, ஏன் அப்ப"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக்கிட்டா பாடம் மறக்காது.

புக்கை மூடி எழுதிப் பாக்கறது ஏன் முக்கியம்ங்கறதுக்கு சைக்காலஜிலயே ஆதாரம் இருக்கு. ரோடிகரும் கார்பிக்கியும் 2006ல பண்ணின ஆராய்ச்சில ஒரு குரூப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சது, இன்னொரு குரூப் படிச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்பப் படிச்சவங்க முன்னாடி இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப எழுதிப் பாத்தவங்கதான் ரொம்ப நல்லா பண்ணினாங்க. எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி முழுக்க ஹைலைட்டர் போட்டுப் படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுக்கும் ஹால்ல கை ஓடாததுக்கும் இதுதான் காரணம்.

சைக்காலஜி கட்டுரை வேற ஜாதி. பயாலஜி லெக்சரர் "இது எப்படி நடக்குது, படிப்படியா சொல்லு"ன்னு எதிர்பாப்பார். சைக்காலஜி லெக்சரர் "இதை நம்பறதுக்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரத்துல என்ன ஓட்டை, வேற யார் என்ன சொல்றாங்க"ன்னு எதிர்பாப்பார். பயாலஜி பழக்கத்துல பேரும் வருஷமும் அடுக்கி எழுதினா அங்க மார்க் வராது. 2015ல ஓப்பன் சயின்ஸ் கொலாபரேஷன்னு ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் கூட்டம் வெளியான 100 சைக்காலஜி ஆய்வுகளை எடுத்து மறுபடி செஞ்சு பாத்தாங்க, சுமார் 36 சதவீதத்துலதான் மறுபடியும் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க ரிசல்ட் வந்துச்சு. இதைக் கேட்டுட்டு "சைக்காலஜி எல்லாம் சும்மா"ன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது சரின்னு படல, தன் வீட்டைத் தானே சோதனை போட்டு ரிசல்ட்டை வெளிய சொன்ன துறை அது, அந்த நேர்மையை மதிக்கணும். நீங்க செய்ய வேண்டியது, ஒரு ஆய்வைக் கட்டுரைல சேர்க்கும்போது எத்தனை பேர் வெச்சுப் பண்ணினாங்க, வேற யாராவது திரும்பப் பண்ணிப் பாத்தாங்களான்னு ஒரு வரி சேர்க்கறது. ரெஃபரன்ஸ் ஸ்டைல்லயும், அதாவது எங்க இருந்து எடுத்தீங்கன்னு குறிப்பிடற முறைலயும், கவனம், சைக்காலஜில ஏபிஏ கேப்பாங்க, பயாலஜில பல இடத்துல ஹார்வர்ட். ரெண்டையும் கலந்தா மார்க் போகும், ஸோட்டேரோ மாதிரி இலவச சாஃப்ட்வேர் முதல் மாசமே போட்டுக்கிட்டா ஸ்டைலை ஒரு கிளிக்ல மாத்திடலாம்.

இப்ப ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இந்தப் படிப்புல ரெண்டு சப்ஜெக்டுக்கும் நிஜமாவே பொதுவா இருக்கிற ஒரே பாடம் இதுதான். சில இடத்துல எஸ்பிஎஸ்எஸ்ங்கற சாஃப்ட்வேர் சொல்லித் தருவாங்க, இப்ப நிறைய இடத்துல ஆர்ங்கற புரோகிராமிங் மொழி வந்துடுச்சு, சைக்காலஜி ஒண்ணும் பயாலஜி இன்னொண்ணுமா இருக்கிற இடமும் இருக்கு. என் அபிப்பிராயம், சாய்ஸ் இருந்தா ஆர் கத்துக்கோங்க, இலவசம், ஊருக்குத் திரும்பினாலும் லேப்டாப்ல இருக்கும், மரபணு டேட்டால இருந்து கேள்வித்தாள் டேட்டா வரைக்கும் எல்லாத்தையும் செய்யும். கோடு எழுதவே பயமா இருந்தா ஜமோவின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், உள்ள ஆர்தான் ஓடுது, வெளிய மவுஸ் வெச்சு பண்ணலாம். டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன் மூணும் தனித்தனி பாடமா நடத்துவாங்க, ஆனா மூணும் ஒரே லீனியர் மாடலோட வடிவங்கள், இதை ரெண்டாவது வருஷத்துக்குள்ள உணர்ந்துட்டா பாதி பாரம் இறங்கிடும். பி-வேல்யூ, அதாவது நிஜத்துல வித்தியாசமே இல்லன்னாலும் இப்படி ஒரு ரிசல்ட் வர்றதுக்கான வாய்ப்பு, 0.05க்குக் கீழ வந்துச்சான்னு மட்டும் பாக்காம வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு பாக்கப் பழகுங்க. இதோட பேட்டி எடுத்து அதை அலசற குவாலிட்டேட்டிவ் முறையும் சைக்காலஜில வரும், பயாலஜி மனசோட போறவங்களுக்கு ஆரம்பத்துல இது அறிவியலான்னே சந்தேகம் வரும், கொஞ்சம் பொறுமையா உக்காந்து செய்ங்க, நோயாளி தன் வலியை எப்படிச் சொல்றாருங்கறது எந்த ஸ்கேன்லயும் வராத தகவல்.

சரி, ரெண்டையும் சேர்க்கற வேலைக்கு வரேன். மாட்யூல் வாரியா நோட்டு போடறதோட இன்னொரு நோட்டு வெச்சுக்கோங்க, அது கேள்வி வாரியா. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, இடது பக்கம் உடம்பு, வலது பக்கம் மனசு, எந்தக் கிளாஸ்ல எது வந்தாலும் அந்தப் பக்கத்துல போய் சேரணும். எப்படின்னு மூணு உதாரணம் சொல்றேன்.

ஸ்ட்ரெஸ்ஸும் அல்சரும். நம்ம வீடுகள்ல இன்னைக்கும் "ரொம்ப டென்ஷன் ஆகாதே, அல்சர் வந்துடும்"னு சொல்லுவாங்க, ஒரு காலத்துல டாக்டர்களும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. ஆஸ்திரேலியால ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரிங்கற பாக்டீரியாதான் காரணம்னு சொன்னப்ப பெருசா யாரும் ஏத்துக்கல, 1984ல மார்ஷல் அந்த பாக்டீரியாவைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவழைச்சுக் காட்டினார், 2005ல ரெண்டு பேருக்கும் நோபல். இதோட கதை முடிஞ்சுதுன்னு பயாலஜி கிளாஸ்ல விட்டுடுவாங்க. ஆனா அந்த பாக்டீரியா ஏராளமான பேர் வயித்துல இருக்கு, அதுல பெரும்பாலானவங்களுக்கு அல்சர் வர்றதே இல்ல. அப்ப யாருக்கு வருது? அங்க வலி மாத்திரை, புகை, பாக்டீரியாவோட வகை, அந்த ஆளோட உடம்பு, வாழ்க்கைன்னு மறுபடி கேள்வி திறக்குது. உங்க நோட்டுல அந்தப் பக்கம் இப்படி ரெண்டு பக்கமும் நிரம்பணும்.

ரெண்டாவது, டிப்ரெஷனும் ஜீனும். நியூசிலாந்துல டனீடின் ஊர்ல 1972–73ல பொறந்த குழந்தைகளைப் பெரியவங்க ஆகற வரைக்கும் தொடர்ந்து கவனிச்சுட்டு வர்ற ஒரு ஆய்வு இருக்கு. அதை வெச்சு கேஸ்பியும் அவர் கூட்டாளிகளும் 2003ல, மூளைல செய்தி கடத்தற செரடோனின்ங்கற வேதிப்பொருளைக் கையாள்ற செரடோனின் கடத்தி ஜீன்ல ஒரு குறிப்பிட்ட வகை இருக்கிறவங்களுக்கு வாழ்க்கைல அடி விழுந்தா டிப்ரெஷன் வர்ற வாய்ப்பு கூடுதல்னு எழுதினாங்க. அழகான கதை, ஜீனும் சூழலும் கை கோர்க்குது, பாடப்புத்தகத்துல எல்லாம் ஏறிடுச்சு. அப்புறம் 2019ல பார்டரும் அவர் குழுவும் லட்சக்கணக்கான பேரோட டேட்டாவை எடுத்து, டிப்ரெஷன் ஜீன்னு பேர் வாங்கின 18 ஜீன்களையும் சோதிச்சாங்க. அந்தப் பழைய கதைக்கு ஆதரவே கிடைக்கல. இப்ப நம்பறது, டிப்ரெஷன்ல ரொம்ப ரொம்பச் சின்ன பங்கு வகிக்கிற மரபணு வேறுபாடுகள் ஏகப்பட்டது சேர்ந்து வேலை செய்யுதுங்கறது. ஜாயின்ட் ஸ்டூடன்ட்டுக்கு இதை விட நல்ல பாடம் இல்ல. சைக்காலஜி மட்டும் படிச்சவங்க ஜீன்னு பேர் வந்ததும் கேள்வி கேக்காம நம்பிடற ஆபத்து இருக்கு, பயாலஜி மட்டும் படிச்சவங்க "வாழ்க்கைல அடி"ங்கறதை எப்படி அளந்தாங்கன்னு கேக்காம விட்டுடற ஆபத்து இருக்கு, உங்களால ரெண்டையும் கேக்க முடியும்.

மூணாவது வலி. இதுக்கு நம்ம ஊர் தொடர்பு உண்டு, சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சுட்டு கேம்பிரிட்ஜ்ல டாக்டரேட் வாங்கி கலிஃபோர்னியா போன மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன். கை வெட்டி எடுத்தப்புறமும் இல்லாத கைல வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு பெட்டில கண்ணாடி வெச்சு, இருக்கிற கையோட பிம்பத்தை இல்லாத கை இருக்க வேண்டிய இடத்துல காட்டினார். சில பேருக்கு இறுகிக் கிடந்த அந்த இல்லாத கை தளர்ந்த மாதிரி இருந்துச்சு, வலி குறைஞ்சுது. வலி காயத்துல மட்டும் இல்ல, மூளை உடம்பைப் பத்தி வெச்சிருக்கிற வரைபடத்துலயும் இருக்குன்னு காட்டற மாதிரி ஒரு சோதனை. அதே சமயம் அது ரொம்பக் கொஞ்ச பேர் கிட்ட பண்ணினது, பின்னாடி வந்த சிகிச்சை ஆய்வுகள்ல ரிசல்ட் கலவையாத்தான் இருக்கு. நம்ம ஊர்க்காரர்ங்கற பெருமையையும் இந்தக் கேள்வியையும் ஒண்ணா வெச்சுக்க முடியணும், அதுக்குப் பேர்தான் பயிற்சி.

இந்த நோட்டை ஒழுங்கா வெச்சிருந்தா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டாபிக்குக்கு எங்கயும் அலைய வேண்டாம், அதுல இருந்தே வந்துடும். ஜிபிசி வேணும்னா ப்ராஜெக்ட் சைக்காலஜி சார்ந்ததா, டேட்டா எடுத்து அலசறதா இருக்கணும், அதுல பாஸ் ஆகியே தீரணும். அதுக்காக பயாலஜியை விட்டுட வேண்டாம், உடல் அளவு ஒண்ணு சேர்த்துக்கலாம், இதயத்துடிப்பு, தோல்ல மின்கடத்தல், கார்டிசால் மாதிரி. ட்ரையர் சோஷியல் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்னு 1993ல வந்த ஒரு முறை, முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாத ஆளுங்க முன்னாடி பேச வெச்சு, அப்புறம் 1022ல இருந்து 13 13ஆ கழிச்சுக்கிட்டே வரச் சொல்றது. கார்டிசால் உடனே ஏறாது, ஹார்மோன் ஒவ்வொரு படியா போய் சேரணும் இல்லையா, ஸ்ட்ரெஸ் ஆரம்பிச்சு சுமார் 20–30 நிமிஷம் கழிச்சுத்தான் எச்சில்ல உச்சம் தெரியும். காலைல எழுந்ததும் கார்டிசால் தானாவே உயரும், அதனால சோதனையை மத்தியானத்துக்கு வெக்கறாங்க. முதல் வருஷம் வரைஞ்சு படிச்ச அந்த அம்புக்குறிப் படம் இங்க நேரடியா உதவுது.

ஆனா எச்சில் எடுக்கறது சும்மா இல்ல. ஹ்யூமன் டிஷ்யூ ஆக்ட் 2004ன்னு சட்டம், மனித செல் இருக்கிற எதையும் ஆராய்ச்சிக்காக வெச்சிருக்க விதிமுறை உண்டு, எச்சிலும் அதுல வரும். ஏற்கனவே அந்த ஏற்பாடு இருக்கிற லேபோட சூப்பர்வைசர்கிட்ட சேர்ந்தா மட்டும் இதுல இறங்குங்க, ரெண்டாவது வருஷ முடிவுலயே போய்ப் பேசிடுங்க, எத்திக்ஸ் அப்ரூவல் வாரக்கணக்குல இழுக்கும். எத்தனை பேர் வேணும்னு ஜி-பவர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல கணக்கு போடலாம். நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போட பிடிக்கணும்னா, ரெண்டு தனித்தனி குரூப்புக்கு குரூப்புக்கு 64 பேர், மொத்தம் 128. எந்த ஸ்டூடன்ட்டுக்கும் அது முடியாத காரியம். அதே ஆளை ரெண்டு சூழ்நிலைலயும் அளக்கற மாதிரி டிசைன் பண்ணினா 34 பேர் போதும். இந்த ஒரு கணக்கை முன்னாடியே போட்டுட்டா ப்ராஜெக்ட் பிழைச்சுது.

முடிச்சப்புறம் என்னன்னு வீட்ல கேப்பாங்க, கேக்கட்டும், நியாயமான கேள்வி. இந்த டிகிரி மட்டும் வெச்சுக்கிட்டு யாரும் சைக்காலஜிஸ்ட்டா வைத்தியம் பாக்க முடியாது, இதை முதல்லயே அப்பா அம்மாகிட்ட தெளிவா சொல்லிடுங்க. இங்கிலாந்துல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்ங்கற பட்டப்பேரை ஹெச்சிபிசிங்கற ஒழுங்குமுறை அமைப்புல ரெஜிஸ்டர் பண்ணினவங்கதான் போட்டுக்கலாம், அதுக்கு மூணு வருஷ டாக்டரேட் வேணும். இங்கிலாந்துல அந்த சீட்டுக்கெல்லாம் பெரும்பாலும் என்ஹெச்எஸ், அதாவது அரசு மருத்துவ சேவை, சம்பளம் கொடுத்துப் படிக்க வெக்குது, அதனாலயே போட்டி கடுமை, பல பேர் அசிஸ்டன்ட் சைக்காலஜிஸ்ட்டாவோ கேர் வேலைலயோ ஓரிரு வருஷம் இருந்துட்டுத்தான் உள்ள போறாங்க, ஃபண்டிங் யாருக்கு கிடைக்கும்ங்கற விதியை வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ் முன்னாடியே பாத்துக்கணும். நியூரோசயின்ஸ் எம்எஸ்சி, பப்ளிக் ஹெல்த், மருந்து ஆராய்ச்சில கிளினிக்கல் ட்ரையல் வேலை, ஒரு டிகிரி முடிச்சவங்க டாக்டருக்குப் படிக்கிற கிராஜுவேட் என்ட்ரி மெடிசின், இந்தப் பக்கமெல்லாம் பயாலஜி பாதி நேரடியா கதவைத் திறக்கும். தனி சைக்காலஜி படிச்சவங்களை விட இந்த ஜாயின்ட் ஸ்டூடன்ட்டுக்கு இங்கதான் லாபம்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி கிளினிக்கல் வேலை பாக்கணும்னா இந்தியால ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, அதான் ஆர்சிஐ, அங்கீகரிச்ச முதுநிலை கிளினிக்கல் படிப்பு முடிச்சு அவங்க ரெஜிஸ்டர்ல பேர் இருக்கணும். பெங்களூர்ல இருக்கிற மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களுக்கு என்ட்ரன்ஸ் எழுத வெளிநாட்டு டிகிரிக்கு சமானச் சான்று கேப்பாங்க.

படிக்கும்போது மனசுக்கு ஒரு விஷயம் நடக்கும், அதையும் சொல்லிடறேன். அப்நார்மல் சைக்காலஜி மாட்யூல் வந்ததும் ஒவ்வொரு நோயோட அறிகுறியும் தனக்கோ தன் வீட்டு ஆளுக்கோ இருக்கிற மாதிரியே தோணும். மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கும் இது வர்றது பழைய விஷயம். லெக்சர் ஸ்லைடை வெச்சு அம்மாவுக்கு நோய்ப் பேர் சூட்டாதீங்க, ஃபோன்ல சொல்லவே சொல்லாதீங்க. ஆனா நிஜமாவே தூக்கம் போச்சு, சாப்பிட முடியல, வாரக்கணக்கா எதுலயும் மனசு ஒட்டலன்னா அது பாடம் இல்ல, யூனிவர்சிட்டி கவுன்சலிங்குக்குப் போங்க, வந்த முதல் வாரமே ஜிபி கிளினிக்ல, அதாவது பக்கத்துல இருக்கிற பொது மருத்துவர்கிட்ட, ரெஜிஸ்டர் பண்ணி வெச்சுக்கோங்க. மனசைப் பத்திப் படிக்கிறவன் டாக்டர்கிட்ட போகக் கூடாதுன்னு ஒரு வீம்பு சில பேருக்கு வரும், அது வேண்டவே வேண்டாம்.

கடைசியா ஒரு சின்ன ஆபீஸ் வேலை. ஒவ்வொரு வருஷ முடிவுலயும் நீங்க எடுத்த எல்லா மாட்யூலோட சிலபஸ், கிரெடிட், மதிப்பீட்டு முறை இருக்கிற ஹேண்ட்புக்கை பிடிஎஃப்பா டவுன்லோட் பண்ணி ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. ஸ்டூடன்ட் லாகின் முடிஞ்சப்புறம் அதையெல்லாம் எடுக்க முடியாம போகலாம், பிபிஎஸ்ல இருந்து ஊர்ல சமானச் சான்று கொடுக்கறவங்க வரைக்கும் ஜாயின்ட் டிகிரிக்காரங்ககிட்ட "இதுல சைக்காலஜி எவ்ளோ"ன்னு கேக்கும்போது காட்ட வேண்டிய பேப்பர் அதுதான்.